பொய் சொல்லிக் கட்டிய காப்பு

ஆண்பிள்ளைக்குத் தலை வலித்தால் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயம் முழுக்கத் தெரியும். பல் வலித்தால் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்கும். அந்த ஓரிடத்தில் வலித்தால் மட்டும் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு நிற்பான். நாலாங்கட்டைத் தோட்டத்துக் காளியப்பன் அப்படி நின்றவன்தான். ஜப்பான்காரன் வருவதற்கு ஏழெட்டு வருஷம் முன்னால் நடந்தது இது. ஜொகூர்ப் பக்கம் ரெங்கம் ஸ்டேஷனிலிருந்து நாலு மைல் உள்ளே, ரப்பர் காட்டுக்கு நடுவில் இருந்தது அந்தத் தோட்டம். இது நடந்ததற்கு மறுநாள் அங்கே மாரியம்மனுக்குத் தீமிதி. காளியப்பன் நெருப்பு மிதிப்பதாக நேர்ந்துகொண்டு கையில் மஞ்சள் காப்புக் கட்டியிருந்தான்.

அவன் பெண்டாட்டி கிருஷ்ணம்மா அடுத்த மர நிரையில் ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். சொந்த மாமன் மகள்தான். கட்டிக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறது. நன்றாக விடிந்து ஆறரை மணி இருக்கும். பக்கத்து நிரையில் ஆள் நடமாட்டமே இல்லையே என்று எட்டிப் பார்த்தாள். காளியப்பன் ஒரு மரத்தடியில் குந்தியிருந்தான். பால் பிடிக்கிற மங்கு கவிழ்ந்து, பால் வேரில் வழிந்துகொண்டிருந்தது. முன்னால் வாந்தி எடுத்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“என்ன மாமா, என்ன பண்ணுது?”

“வயித்து வலி. நீ போய் உன் வேலையைப் பாரு.”

வயிற்று வலிக்காரன் கையை வயிற்றில் வைப்பான். இவன் கையை எங்கே வைத்திருந்தான் என்பதை அவள் பார்த்துவிட்டாள்.

“அங்கயா வலிக்குது?”

“சத்தம் போடாத புள்ள, யாராவது கேக்கப் போறாங்க. கொஞ்ச நேரத்துல அடங்கிடும். எப்பவும் அடங்கிடும்.”

யார் கேட்கப் போகிறார்கள்? அந்தக் காட்டில் குரங்குதான் கேட்கும். கிருஷ்ணம்மா கத்தியையும் வாளியையும் அங்கேயே போட்டாள். அவன் மாட்டேன் மாட்டேன் என்றான். எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல் மறுபடியும் வாந்தி எடுத்தான். அதற்குமேல் அவனைக் கேட்டுக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். அரை மைல்தான். வழியில் எட்டுத் தடவை நின்றார்கள்.

ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ரெண்டு அறை, பலகைச் சுவர், ஒரு கடிகாரம், ஒரு டிரெசர். டிரெசர் ராஜசேகரன் மருந்து கலக்கவும் கட்டுக் கட்டவும் படித்தவர், முழு டாக்டர் இல்லை. நல்ல மனுஷன்தான், ஆனால் பயந்தவர். போன வருஷம் ஒரு பொம்பளையை ஆபத்து என்று சொல்லி ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். அங்கே போய்ப் பார்த்தால் வெறும் அஜீரணம். துரை அவரைக் கூப்பிட்டுக் கிழிகிழியென்று கிழித்துவிட்டான். அதிலிருந்து ஒருத்தரை வெளியே அனுப்புவதென்றால் அவர் நூறு தடவை யோசிப்பார்.

திரையை இழுத்துவிட்டுக் காளியப்பனைப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு அலறல் வந்தது. கிருஷ்ணம்மா வெளியே முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். டிரெசர் கையைக் கழுவிக்கொண்டே வெளியே வந்தார். கடிகாரத்தில் ஏழேகால்.

“எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேட்டேன். ஆறு மணின்னு சொல்றான். நெசமா?”

“நான் பாக்கும்போது ஆறரை. அதுக்குக் கொஞ்சம் முந்தி இருக்கும்ங்க.”

“இங்க பாரும்மா, இது ரெண்டுல ஒண்ணு. லயத்துல பிள்ளைங்களுக்கெல்லாம் பொன்னுக்குவீங்கி போட்டிருக்கு. பெரிய ஆம்பளைக்கு அது வந்தா சில சமயம் கீழ இறங்கி விதை வீங்கிடும். அதுன்னா ஈரத்துணி போட்டுப் படுக்க வைக்கணும், நாலஞ்சு நாள்ல தானா வத்திடும். இன்னொண்ணு, விதை உள்ளுக்குள்ள முறுக்கிக்கிறது. கயித்துல தொங்குற வாளி சுத்திக்குதுல்ல, அது மாதிரி. முறுக்கிக்கிட்டா ரத்தம் போகாது. திருப்பி விட முடியுதான்னு பார்த்தேன், முடியல. அதுன்னா அறுத்துத்தான் சரி பண்ணணும். ஆறு மணி நேரத்துக்குள்ள.”

“இதுல எதுங்க இது?”

“அதான் தெரியலையே.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காய்ச்சல் இல்ல, கன்னம் வீங்கல. விதை மேல ஏறி நிக்குது. அதைப் பார்த்தா முறுக்குன்னு தோணுது. ஆனா அடிச்சுச் சொல்ல முடியல. சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்து பார்க்கலாம்.”

“சாயங்காலம் வரைக்கும் பார்த்து, அது முறுக்கா இருந்துட்டா?”

“கருகிப் போயிடும்.”

“ரெண்டுமா?”

“இப்ப ஒண்ணு. ஆனா ஒண்ணு முறுக்கிக்கிற உடம்புல இன்னொண்ணும் ஒருநாள் முறுக்கிக்கும். பெரிய ஆஸ்பத்திரியில அறுத்தா ரெண்டையும் திரும்ப முறுக்கிக்காதபடி தச்சு விட்டுடுவாங்க.”

“அறுத்துப் பார்த்து, பொன்னுக்குவீங்கியா இருந்துட்டா?”

“ஒரு தையல். பத்து நாள்ல ஆறிடும்.”

கிருஷ்ணம்மா பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஆனால் எது பெரிய நஷ்டம் என்று புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் எதற்கு? பத்து நாள் புண் ஒரு பக்கம், வாழ்நாள் பூராவும் பிள்ளையில்லாத வீடு இன்னொரு பக்கம். ரப்பர் ஷீட்டு ஏற்றுகிற லாரி எட்டேகாலுக்கு ஸ்டேஷனுக்குப் புறப்படும். ஆறரை மணி ரயில் போய்விட்டது, அடுத்தது ஒன்பதுக்கு. அதை விட்டால் சாயங்காலம்தான்.

“அனுப்பிடுங்கய்யா. நான் கூடப் போறேன்.”

“நான் எங்கயும் வர மாட்டேன்!” திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

காளியப்பன் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தான். கையைத் தூக்கிக் காட்டினான். மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு.

“காப்புக் கட்டியிருக்கேன். எல்லை தாண்டக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? நாளைக்கு நெருப்பு மிதிக்கணும். அதோட, அங்க போயி அறுத்துட்டு வந்தா லயத்துல என்னை என்ன சொல்லுவானுங்க? காயடிச்ச மாடும்பானுங்க.”

மாட்டுப் பேச்சைக்கூட அவள் தள்ளிவிடுவாள். காப்பைத் தள்ள முடியாது. காப்புக் கட்டினவன் தீ மிதித்து, கட்டினவர் கையாலேயே அவிழ்க்கும் வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அவனுக்கு மட்டும் இல்லை, தோட்டத்துக்கே ஆகாது. எல்லாரையும் போல அவளும் அதை நம்பினாள்.

அந்த நேரம் பார்த்துக் கங்காணி ஐயாசாமி உள்ளே நுழைந்தார். காட்டில் வேலை வாங்குகிறவரும் அவர்தான், கோயிலில் காப்புக் கட்டுகிறவரும் அவர்தான். ரெண்டு நிரையில் வாளி அநாதையாகக் கிடக்கிறது என்று கோபத்தோடு வந்தவர், காளியப்பன் முகத்தைப் பார்த்ததும் கோபத்தை விழுங்கினார். டிரெசர் விஷயத்தைச் சொன்னார். ஐயாசாமி தலையை ஆட்டினார்.

“காப்போட எல்லை தாண்ட விட மாட்டேன் டிரெசரய்யா. நாளைக்குப் பொழுது சாயற வரைக்கும் பொறுங்க. மிதிச்சு முடிச்சதும் நானே லாரியில ஏத்தி விடறேன்.”

“நாளைக்கு ஏத்திப் பிரயோசனம் இல்ல, கங்காணி.”

“அம்மா கைவிட மாட்டா.”

“அதைத்தான் நானும் சொல்றேன்,” என்றான் காளியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு. “எப்பவும் அடங்கிடும்.”

இந்த ‘எப்பவும்’ என்ற சொல்லை அவள் காட்டிலும் ஒரு தடவை கேட்டிருந்தாள். அப்போது பதற்றத்தில் காதில் விழுந்தது மனசில் விழவில்லை. இப்போது விழுந்தது.

“எப்பவும்னா? இதுக்கு முன்னாடி எப்ப வந்துச்சு?”

“வரல.”

“சுவரைப் பார்த்துப் பேசாத மாமா. என்னைப் பார்த்துச் சொல்லு.”

அடுத்த வலி வந்து அவனைக் கட்டிலோடு சுருட்டியது. அது கொஞ்சம் விட்டதும் மளமளவென்று கொட்டிவிட்டான். மூன்று தடவை வந்திருக்கிறது. முதல் தடவை போன தை மாசம், ஆற்றில் குளிக்கும்போது. உயிரே போய்விடும் போல இருந்ததாம். தாயே, மாரியம்மா, இதை நிறுத்து, உனக்கு நெருப்பு மிதிக்கிறேன் என்று தண்ணீரிலேயே கும்பிட்டானாம். பிடித்திருந்த கையை விட்ட மாதிரி அந்த நிமிஷமே வலி நின்றுவிட்டதாம்.

“அதுக்குத்தான் புள்ள நேர்ந்துக்கிட்டேன். மூணு தடவையும் அவதான் நிறுத்தினா. நாளைக்கு மிதிக்க வேண்டியவன் இன்னைக்கு ஓடிப் போனா என்னை விடுவாளா?”

கிருஷ்ணம்மாவுக்குக் காது அடைத்துப் போயிற்று. காப்புக் கட்டுகிற அன்று ஐயாசாமி ஒவ்வொருத்தனையும் அம்மன் முன்னால் நிறுத்தி, “எதுக்கு நேர்த்தி?” என்று கேட்பார். எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். அன்றைக்கு இவன் தெளிவாகச் சொன்னான், “புள்ள வரம் வேணும்னு நேர்ந்துக்கிட்டேன்” என்று. லயத்துப் பெண்களெல்லாம் அவள் கன்னத்தில் மஞ்சள் பூசினார்கள். பிள்ளைக்காக நேர்ந்துகொண்டேன் என்று அவன் அவளிடம் சொன்ன தை மாசத்திலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் பட்டினி கிடந்திருக்கிறாள். அத்தனையும் இவன் வெட்கத்துக்குப் போட்ட மூடியா? அவளுக்கு அவனை அறையலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது.

டிரெசர் மட்டும் துள்ளி எழுந்துவிட்டார். “வந்து வந்து ஒரு நிமிஷத்துல விட்டுப் போச்சா? அப்ப சந்தேகமே இல்ல. பொன்னுக்குவீங்கி அப்படி வராது. முறுக்கிக்கிட்டு, தானா அவிழ்ந்திருக்கு. இந்தத் தடவை அவிழல. காத்திருக்கிற பேச்சே கிடையாது. இப்பவே சீட்டு எழுதறேன். துரை என்னை என்ன வேணாலும் திட்டட்டும்!”

கடிகாரத்தில் ஏழே முக்கால். ஆனால் காப்பு இன்னும் கையில்தான் இருந்தது. கிருஷ்ணம்மா ஐயாசாமியைப் பார்த்தாள். அவர் முகம் கறுத்திருந்தது.

“ஏண்டா, அம்மா முன்னாடி நின்னு பொய்யா சொன்ன?” என்றார் காளியப்பனைப் பார்த்து. “நான் கேட்டேன். புள்ளைக்குன்னு சொன்ன. அதை நம்பித்தானே கட்டினேன்? பொய் சொல்லிக் கட்டின காப்பு காப்பே இல்லடா. அதோட நீ குழியில இறங்கினா நெருப்பு சுட்டுப்புடும். நீயே கேட்டாலும் நாளைக்கு உன்னை மிதிக்க விட மாட்டேன்.”

“அப்ப அவுத்து விடுங்க கங்காணி!” என்றாள் கிருஷ்ணம்மா.

“இங்க அவிழ்க்க முடியாது. எங்க நின்னு பொய் சொன்னானோ அங்க நின்னு உண்மையைச் சொல்லட்டும். எல்லார் காதுலயும் விழணும். அவிழ்த்து விடறேன்.”

அவர் கோபத்தில் சொன்னாரா, எல்லை தாண்ட அவனுக்கு ஒரு வழி செய்து கொடுத்தாரா என்று கிருஷ்ணம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை.

டிரைவர் வேலு லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஷீட்டுக் கட்டுகளுக்கு மேல் பாயை விரித்துக் காளியப்பனைக் கிடத்தினார்கள். கிருஷ்ணம்மாவும் டிரெசரும் ஐயாசாமியும் கூடவே ஏறிக்கொண்டார்கள். கோயில் தோட்டத்து வாசலில், எல்லைக் கம்பத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. தீமிதி வேலைக்காக முப்பது பேர் அங்கே நின்றார்கள். ஆண்கள் குழிக்குக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், பெண்கள் மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தார்கள். லாரி நின்றதும் எல்லாக் கையும் நின்றுவிட்டது.

காளியப்பன் கூட்டத்தைப் பார்த்தான். “என்னால முடியாது புள்ள. செத்தாலும் சொல்ல மாட்டேன். லாரியைத் திருப்பச் சொல்லு. அடங்கிடும்.”

வேலு ஹாரனை அடித்தான். மணி எட்டு இருபது. கிருஷ்ணம்மா அவன் தலைமாட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“மாமா, நான் சொல்றதைக் கேளு. அந்த நேர்த்தி உனக்குப் பொய். எனக்கு நெசம். வெள்ளிக்கு வெள்ளி வயித்தைக் காயப்போட்டு நெசமாத்தான் கேட்டேன். எனக்குப் புள்ள வேணும். வேற எவன் புள்ளையும் இல்ல, உன் புள்ள. காயடிச்ச மாடுன்னு எவனாவது சொன்னா அவனை நான் பாத்துக்கறேன். நீ வாயைத் தொற. அது ஒண்ணு பண்ணு எனக்கு.”

அவன் அவளைப் பார்த்தான். கண் ரெண்டும் கலங்கியிருந்தது. டிரெசரும் ஐயாசாமியும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கி அம்மன் முன்னால் நிறுத்தினார்கள். நேராக நிற்க முடியாமல் குனிந்தபடியே நின்றான். ரெண்டு தடவை வாயைத் திறந்து மூடினான். மூன்றாவது தடவை கத்தியே விட்டான்.

“தாயே! நான் புள்ளைக்கு நேர்ந்துக்கலை! எனக்கு விதையில வலி! வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மாத்திச் சொன்னேன்! என்னை மன்னிச்சிடு தாயே!”

கட்டை அடுக்கின பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. கிருஷ்ணம்மா லாரி மேலேயே எழுந்து நின்றாள்.

“எவன்டா அது சிரிச்சது? உனக்கு வராதுன்னு அம்மா எழுதிக் குடுத்திருக்காளா?”

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஐயாசாமி குனிந்து முடிச்சை அவிழ்த்தார். அவிழ்த்த கயிற்றை அம்மன் காலடியில் வைத்தார். பிறகு தன் தலைத்துண்டை எடுத்து, வியர்த்துக் கிடந்த காளியப்பன் முகத்தைத் துடைத்துவிட்டார்.

“போடா. உசுரோட வந்து சேரு. அடுத்த வருஷம் நெசத்தைச் சொல்லிக் கட்டிக்க.”

வேலு லாரியை எப்படி ஓட்டினான் என்று கேட்காதீர்கள். ஸ்டேஷனுக்குள் இவர்கள் நுழையவும் ரயில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. டிரெசர் சீட்டைக் கிருஷ்ணம்மா கையில் திணித்து, “பன்னிரண்டுக்குள்ள கத்தி பட்டுடணும், இதைக் காட்டு, யார் தடுத்தாலும் நிக்காத” என்றார். லாயாங் லாயாங்கில் ரயில் நின்றது. கூலாயில் நின்றது. நின்ற இடத்திலெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. காளியப்பன் பலகையைப் பிடித்துக்கொண்டு முனகினான். வலி குறைந்த மாதிரி இருக்கிறது என்று நடுவில் ஒரு தடவை சொன்னான். அவள் சந்தோஷப்பட்டாள். அது கெட்ட அறிகுறி என்று அவளுக்கு யார் சொன்னார்கள், பாவம்.

பெரிய ஆஸ்பத்திரியில் நுழையும்போது மணி பதினொன்றரை. சீட்டைப் பார்த்ததும் டாக்டர் ஓடியே வந்தார். வெள்ளைக்காரர், தமிழ் தெரியாது. சுப்ஹான் என்று நாகூர்ப் பக்கத்து ஆள் ஒருத்தர் அங்கே உதவியாளாக இருந்தார். அவர்தான் கேட்டுச் சொன்னார்.

“எத்தனை மணிக்கு வலி ஆரம்பிச்சதுன்னு டாக்டர் கேக்கறாரு, தங்கச்சி.”

“ஆறு மணிங்க.”

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். நேரம் இருக்கிறது என்று சுப்ஹான் சொன்னார். கிருஷ்ணம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். காலையிலிருந்து அப்போதுதான் அவள் மூச்சை முழுசாக விட்டாள்.

“ஆறு இல்ல,” என்றான் காளியப்பன். கண்ணைத் திறக்கவே இல்லை.

“என்ன மாமா?”

“நாலு. பேர் கூப்பிடுற பெரட்டுக்கு எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே. படுக்கையிலயே வந்துடுச்சு. அடங்கிடும்னு பேசாம கெடந்தேன்.”

சுப்ஹான் அதைச் சொன்னதும் டாக்டர் முகம் மாறியது. மறுபேச்சுப் பேசாமல் கட்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். கிருஷ்ணம்மா அந்தக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். எதை வேண்டிக்கொள்வதென்றே தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மணிக்கு மேல் சுப்ஹான் வந்தார். முறுக்கியது கருகிவிட்டிருந்தது, எடுத்துவிட்டார்கள். இன்னொன்று நன்றாக இருக்கிறது, இனி முறுக்காதபடி தைத்தாகிவிட்டது. பிள்ளை பெற அது ஒன்று போதும். ரெண்டு மணி நேரம் முந்தி வந்திருந்தால் ரெண்டும் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அதைச் சொல்லும்போது சுப்ஹான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்குக் காளியப்பன் கண் விழித்தான். அவளைத் தேடினான். நாக்கு உலர்ந்து பேச்சு குழறியது.

“பொய் சொன்னதுக்கு அம்மா ஒண்ணை எடுத்துக்கிட்டா, புள்ள.”

கிருஷ்ணம்மா பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவன் உதட்டில் வைத்தாள். கோபப்படக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் அழுகை முந்திக்கொண்டது.

“அவ ஏன் எடுக்கறா? ஊருக்குச் சொல்ல வெக்கம், சரி. எனக்குச் சொல்லவுமா? நாலு மணிக்கு என்னைத் தட்டி எழுப்பியிருந்தா ரெண்டும் இருந்திருக்குமே மாமா. ஒரு முழத் தூரத்துலதானே படுத்திருந்தேன்.”